வாவிக்கரையில் ஒரு வரைபடம்: எம்மவரும் புவியியற் கல்வியும்

"ஜியோகிரபியா? அதப் படிச்சி என்னத்த செய்யப் போறாய் மகன்?"

உயர்தரத்தில் கலைப்பிரிவுக்குப் போகும் பிள்ளை புவியியலை ஒரு பாடமாக எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தால் காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் ஓட்டமாவடியிலும் மருதமுனையிலும் இன்றும் இந்தக் கேள்விதான் வரும். கேட்பவர் வாப்பாவாக இருக்கலாம், மாமாவாக இருக்கலாம், சந்திக் கடை முதலாளியாகவும் இருக்கலாம். வைத்தியமும் பொறியியலும் கிடைக்காதவர் கலைக்குப் போவார், கலையிலும் வேறொன்றும் வாய்க்காதவர் புவியியல் எடுப்பார் என்பது எம்மூர்க் கணக்கு.

ஆனால் அதே ஊரின் மீலாத் மேடையில் பேச்சாளர் எழுந்தால் கதை வேறு. 1154 இல் சிசிலித் தீவின் பலர்மோ நகரில் ரொஜர் மன்னனுக்காக உலகப் படம் வரைந்து கொடுத்த அல்-இத்ரீஸியைப் பற்றிப் பெருமையாகச் சொல்வார். 1344 இல் புத்தளக் கரையில் இறங்கி பாவா ஆதம் மலைக்கு ஏறிய இப்னு பதூதாவின் கதை வரும். கூட்டம் தக்பீர் சொல்லும். அந்த அறிவை இன்று ஒரு பிள்ளை படிக்க வந்தால் மட்டும் "தொழில் கிடைக்குமா?" என்று கேட்டு முகம் வாடும். தொழில் பற்றிய கேள்வி நியாயமானதுதான். அதற்குக் கடைசியில் வருகிறேன். கடலுக்கும் வாவிக்கும் இடையே ஒடுங்கிய மணற்றிடலில் வாழும் ஒரு சமூகத்துக்கு இந்தப் படிப்பு ஏன் மிச்சம் மீதிப் படிப்பு அல்ல என்பதைக் கடந்த எழுபது, எண்பது ஆண்டு வரலாற்றிலிருந்து முதலில் சொல்ல வேண்டியிருக்கிறது.

பள்ளிக்கூடம் போகாதவர்களின் புவியியல்

மட்டக்களப்பு வாவி ஏறாவூர்ப் பக்கத்திலிருந்து கல்முனைப் பக்கம் வரை ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளத்துக்குக் கடற்கரையை ஒட்டியே கிடக்கிறது. கடலோடு அது கலக்கும் வாய்கள் இரண்டு. ஒன்று நகருக்குப் பக்கத்தில் பாலமீன்மடு முகத்துவாரம். மற்றது தெற்கே கல்லாற்றில். வாவிக்குக் கிழக்கே சூரியன் எழும் பக்கம் எழுவான்கரை, மேற்கே சூரியன் படும் பக்கம் படுவான்கரை. பேரிலேயே திசை இருக்கிறது.

சனம் நெருக்கமாகக் குடியிருப்பது எழுவான்கரையின் மணலில். நெல் விளைவது பெரும்பாலும் வாவிக்கு அப்பால், மேற்கே. எம்மவர் நிலைமையை ஒரே வரியில் சொல்வதானால், குடியிருப்பு இந்தக் கரையில், சோறு அந்தக் கரையில். மட்டக்களப்பு மாவட்டத்தின் சனத்தொகையில் முஸ்லிம்கள் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. ஆனால் அவர்கள் காத்தான்குடி, ஏறாவூர், ஓட்டமாவடி - வாழைச்சேனை என்று ஒன்றோடொன்று தொடாத சில துண்டுகளில் ஒடுங்கியிருக்கிறார்கள். தெற்கே மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது என்று தொடரும் கரையோர ஊர்களின் நெருக்கடியும் இதே வகையானது.

வயற்காரருக்கு இந்த நிலம் பாடப்புத்தகம் இல்லாமலே தெரியும். எந்த வட்டையில் தண்ணீர் முதலில் ஏறும், எந்த ஓடை மாரியில் வழிமாறும், எந்தக் காணியில் உவர் கண்டிருக்கிறது என்று வட்டைவிதானை விரல் விட்டுச் சொல்வார். கோடையில் முகத்துவாரத்தை மணல் அடைத்துக்கொள்ளும். வடகீழ்ப் பருவமழை கொட்டத் தொடங்கியதும் வாவி நிரம்பிப் பள்ளக்காணிகள் தாழும். "ஆத்துவாய வெட்டுங்க" என்பார் விவசாயி. "இப்ப வெட்டினா மீனும் இறாலும் கடலுக்குப் போயிரும்" என்பார் வாவியில் தொழில் செய்பவர். இந்தத் தர்க்கம் கச்சேரி வரைக்கும் போகும். நீர்மட்டம், வண்டல், வற்றுப்பெருக்கு, பருவக்காற்று, தொழில், அதிகாரம் எல்லாம் சேர்ந்த ஒரு புவியியற் பிரச்சினை அது. எங்கள் மூத்தவாப்பாமார் அதைப் பேசினார்கள். எழுதித்தான் வைக்கவில்லை.

வகுப்பறைக்கு வந்த பாடம்

எழுதி வைத்தவர்கள் ஆட்சியாளர்கள். இலங்கையில் நில அளவைத் திணைக்களம் 1800 ஓகஸ்ட் 2 இல் உருவானது. எது அரசகாணி, எது தனியார் காணி, எங்கே வரி, எங்கே வீதி என்பதைப் பிரித்துப் பார்க்க ஆங்கிலேயருக்குப் படம் தேவைப்பட்டது. மைலுக்கு ஓர் அங்குலம் என்ற அளவில் வந்த அந்தப் படங்களில் குளம், ஓடை, பள்ளிவாசல், கோயில் எல்லாம் குறிக்கப்பட்டன. ஆனால் ஊரவன் அவற்றைக் கண்ணால் கண்டது அரிது. 1921 இல் எஸ்.ஓ. கனகரத்தினம் மட்டக்களப்பு மாவட்டம் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய நூல் இந்தப் பிரதேசத்தின் நிலம், மக்கள், குளம், பயிர் ஆகியவற்றை ஒருங்கே பதிவுசெய்த முன்னோடி முயற்சி. அதுவும் கச்சேரி மேசையில் இருந்த புத்தகமே தவிர, எங்கள் வீட்டு அலுமாரிக்கு வந்ததல்ல.

1942 இந்தக் கதையில் முக்கியமான ஆண்டு. இலங்கைப் பல்கலைக்கழகம் அந்த ஆண்டில்தான் தோன்றியது. அங்கே புவியியலை வளர்த்தெடுத்த முன்னோடிகளில் ஒருவர் தமிழரான பேராசிரியர் கே. குலரத்தினம். அதே 1942 இல், யுத்தகாலத்து உணவுத் தட்டுப்பாட்டைச் சமாளிக்க நெற்செய்கையைப் பெருக்கும் பொறுப்போடு கல்முனைக்கு உதவி அரசாங்க அதிபராக வந்தார் ஏ.எம்.ஏ. அஸீஸ். இலங்கை சிவில் சேவையில் சேர்ந்த முதல் முஸ்லிம் அவர். காடு வெட்டிக் கழனி ஆக்கும் வேலையை மேற்பார்வை செய்ய வந்தவர், இங்கே நிலத்தின் வளத்தையும் கல்வியின் வறுமையையும் பக்கத்தில் பக்கத்தில் கண்டார். கல்முனையில் முஸ்லிம் கல்விச் சங்கம் உருவாக அவர் காரணமானார். 1945 இல் தொடங்கிய இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதிக்கும் அந்தக் கல்முனை அனுபவம் ஒரு தூண்டுகோல். காணியும் கல்வியும் வேறு வேறு பிரச்சினைகள் அல்ல என்பதை எம்மவரில் நேரில் கண்டவர் அவர்.

1949 இல் கல்லோயாத் திட்டம் தொடங்கியது. 1961 இல் பழைய மட்டக்களப்பு மாவட்டத்தின் தெற்குப் பகுதி பிரிக்கப்பட்டு அம்பாறை மாவட்டமாயிற்று. எல்லைக்கோடு நகர்ந்தபோது தேர்தல் தொகுதியும் சனத்தொகை விகிதமும் நீர்ப்பங்கீடும் கூடவே நகர்ந்தன. அதைப் படம் வைத்துக் கணக்கு வைத்து விவாதிக்க எம் பக்கம் எத்தனை பேர் இருந்தார்கள்? பல்கலைக்கழகத்தில் அப்போது ஆங்கிலம்தான். ஆங்கிலம் இல்லாத கிராமத்துப் பிள்ளைக்குப் பேராதனை, கண்டி மலையைவிடத் தூரம். 1960 அளவில் கலைப்பாடங்கள் தமிழிலும் சிங்களத்திலும் நடக்கத் தொடங்கிய பிறகே அந்தக் கதவு திறந்தது.

பிறகு பல்கலைக்கழகமே வாவிக்கரைக்கு வந்தது. 1981 இல் வந்தாறுமூலையில் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கப்பட்டது. 1986 இல் அது கிழக்குப் பல்கலைக்கழகமாயிற்று. யுத்தம் அந்த வளாகத்தையும் விடவில்லை. யாழ்ப்பாணத்துக்கும் வந்தாறுமூலைக்கும் போய்ப் படிக்க முடியாத நிலையில் எம் மாணவர்கள் அலைந்தபோது, எம்.எச்.எம். அஷ்ரஃபின் முயற்சியால் 1995 இல் ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகக் கல்லூரி பிறந்தது. அடுத்த ஆண்டு அது முழுப் பல்கலைக்கழகமாயிற்று. இன்று வாவிக்கு வடபக்கம் ஒன்றும் தென்பக்கம் ஒன்றுமாக இரண்டு பல்கலைக்கழகங்கள். இரண்டிலும் புவியியல் படிக்கலாம்.

எருக்கலம்பிட்டியிலிருந்து வந்த ஒருவர்

புவியியல் படித்து என்ன செய்யலாம் என்ற கேள்விக்கு எம் சமூகத்துக்குள்ளேயே ஒரு வாழ்க்கை பதிலாக இருக்கிறது. பேராசிரியர் எஸ்.எச். ஹஸ்புல்லாஹ் மட்டக்களப்பார் அல்லர். மன்னார்த் தீவின் எருக்கலம்பிட்டியைச் சேர்ந்தவர். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் புவியியல் படித்து, கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்து, பேராதனையிலேயே புவியியற் பேராசிரியரானவர்.

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாணத்து முஸ்லிம்களை ஒட்டுமொத்தமாக வெளியேற்றினார்கள். ஏறக்குறைய 75,000 பேர். ஹஸ்புல்லாஹ்வின் சொந்த ஊரும் அதில் அடக்கம். அழுதவர்கள் பலர், அறிக்கை விட்டவர்கள் பலர். அவர் தன் பாடத்தைக் கையிலெடுத்தார். எந்தக் கிராமம், எத்தனை குடும்பம், விட்டுவந்த வீடு எத்தனை, வயல் எவ்வளவு, தென்னந்தோட்டம் எவ்வளவு, இப்போது எந்த முகாம் என்று விபரங்களைத் திரட்டினார். 2001 இல் முஸ்லிம் அகதிகள் பற்றி அவர் ஆங்கிலத்தில் வெளியிட்ட நூல் அந்த உழைப்பின் விளைவு. 'மறக்கப்பட்ட மக்கள்' என்றே அதில் அவர்களை அழைத்தார். வெளியேற்றத்தைப் பற்றி இன்று எவர் பேசினாலும் அவர் போட்ட கணக்கைத் தொடாமல் பேச முடியாது.

அந்த 1990 கிழக்கையும் கிழித்துப்போட்ட ஆண்டு. ஓகஸ்ட் 3 அன்று காத்தான்குடியில் இரண்டு பள்ளிவாசல்களில் இஷாத் தொழுகையில் நின்ற நூற்றுக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். சில நாட்களில் ஏறாவூரிலும் நூற்றுக்கு மேற்பட்ட உயிர்கள் போயின. செப்டம்பரில் வந்தாறுமூலை வளாகத்தில் தஞ்சம் புகுந்திருந்த தமிழ் மக்களில் நூற்றைம்பதுக்கு மேற்பட்டோரை இராணுவம் பிடித்துச் சென்றது. அவர்கள் திரும்பவில்லை. இரு சமூகங்களும் ரத்தத்தால் நனைந்த அந்த மாதங்களுக்குப் பிறகு கிழக்கின் வரைபடமே மாறிப்போனது. முன்பு சேர்ந்திருந்த ஊர்கள் பிரிந்தன. கலந்திருந்த குடிகள் ஒதுங்கின. மறுகரை வயலுக்குப் போக முஸ்லிம் விவசாயி பயந்தார். முஸ்லிம் ஊர் வழியாகப் போகத் தமிழர் பயந்தார். பல வயற்காணிகள் வருடக்கணக்கில் உரியவர் கால் படாமல் கிடந்தன.

இந்த மாற்றத்தையும் ஹஸ்புல்லாஹ் படித்தார். சூரிச் பல்கலைக்கழகப் புவியியலாளர் பெனடிக்ட் கோர்ஃபுடன் சேர்ந்து, கிழக்கின் 'முஸ்லிம் புவியியல்' பற்றி 2009 இலும் 2013 இலும் சர்வதேசப் புவியியற் சஞ்சிகைகளில் கட்டுரைகள் எழுதினார். கிழக்கில் யுத்தத்தையும் சமாதானத்தையும் சோதனைச்சாவடி, கோயில், தேவாலயம், பள்ளிவாசல் ஆகியவற்றின் ஊடாகப் பார்க்கும் 2015 ஆம் ஆண்டு ஆங்கில நூலின் ஆசிரியர்கள் அறுவரில் அவரும் ஒருவர். அரசுக்கும் ஆயுதக்குழுவுக்கும் இடையில் அகப்பட்ட ஒரு சமூகம் தன் இடத்தை எப்படிப் பார்க்கிறது, எப்படிக் காக்கிறது என்பது உலக அறிவரங்கில் பதிவானது. இதைச் செய்தது அரசியல்வாதியோ வழக்கறிஞரோ அல்ல, ஒரு புவியியல் வாத்தியார்.

இருநூறு மீற்றர்

2004 டிசம்பர் 26. கடல் வந்த காலை. நாட்டிலேயே கூடுதலான உயிரிழப்பு அம்பாறை மாவட்டத்தில்தான், பத்தாயிரத்துக்கும் மேல். மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது என்று கரையோர முஸ்லிம் ஊர்களில் கடலை அண்டிய தெருக்கள் அப்படியே போயின. மட்டக்களப்பில் ஒருபுறம் கடல், மறுபுறம் வாவி என்றிருந்த நாவலடியை அலை துடைத்துவிட்டது.

மையித்துகளை அடக்கி முடிப்பதற்குள் இன்னொரு செய்தி வந்தது. கரையோரத்தில் வீடு கட்டத் தடை. தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர். கொழும்பிலிருந்து பார்த்தால் அது படத்தில் இழுத்த ஒரு கோடு. எழுவான்கரையில் நின்று பார்த்தால் கணக்கு வேறு. கிழக்கே 200 மீற்றரைக் கழி, மேற்கே வாவியோரச் சதுப்பையும் வயலையும் கழி, நடுவில் பிரதான வீதியையும் ஏற்கெனவே சுவரோடு சுவராக நிற்கும் வீடுகளையும் கழி. மிச்சம் என்ன? வீடிழந்தவனை எங்கே கொண்டுபோய் வைப்பது? பின்னர் அந்தத் தூரங்கள் திருத்தப்பட்டன. ஆனால் மாற்றுக் காணி தேடிய இடமெல்லாம் இனப்பிரச்சினையாகின. அக்கரைப்பற்று நுரைச்சோலையில் சவூதி உதவியோடு கட்டப்பட்ட 500 வீடுகள் வழக்கில் அகப்பட்டு, உரியவர் கைக்குப் போகாமல் வருடக்கணக்கில் காடேறிக் கிடந்ததை நாம் எல்லோரும் வீதியால் போகும்போது கண்டோம்.

அன்றைக்கு எங்களிடம் கண்ணீர் இருந்தது, கோபம் இருந்தது, தலைவர்களின் அறிக்கை இருந்தது. ஊர் ஊராக இவ்வளவு பரப்பு, இவ்வளவு சனம், இவ்வளவு அரசகாணி, இது மேடு, இது பள்ளம் என்று மேசையில் விரித்துக் காட்டும் படம் மிகச் சில ஊர்களிடமே இருந்தது. படம் இருந்திருந்தால் எல்லாம் தீர்ந்திருக்கும் என்று சொல்ல வரவில்லை. படம் இல்லாதவன் பேச்சு 'உணர்ச்சி' என்று ஒதுக்கப்படுகிறது என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

கோடு போடும் மேசை

புவியியல் ஓர் அப்பாவிப் பாடமும் அல்ல. இலங்கையின் இனப்பிரச்சினையில் புவியியலாளர்கள் எல்லாப் பக்கமும் நின்றிருக்கிறார்கள். பேராதனையின் பேராசிரியர் ஜீ.எச். பீரிஸ் பாரம்பரியத் தாயகக் கோட்பாட்டை மறுத்து எழுதினார். பேராசிரியர் மத்தும பண்டார, ஆற்றுப்படுகைகளை வைத்து மாகாண எல்லைகளை மீளவும் வகுக்கலாம் என்றார். யாழ்ப்பாணத்தில் புவியியற் பேராசிரியர் பொ. பாலசுந்தரம்பிள்ளை பல்கலைக்கழகத் துணைவேந்தராகவே உயர்ந்தார். சிங்களவருக்கும் தமிழருக்கும் தத்தம் நிலத்தைப் பற்றி வாதாட அறிஞர்கள் இருந்தார்கள். முஸ்லிம் பக்கத்தில் அந்த நாற்காலி நீண்டகாலம் வெறுமையாகக் கிடந்தது.

2017 இல் மாகாண சபைத் தேர்தலுக்குத் தொகுதி எல்லைகளை வகுக்க ஐவர் கொண்ட குழு நியமிக்கப்பட்டபோது அதில் ஹஸ்புல்லாஹ் இருந்தார். தலைமை வகித்தவர் முன்னாள் நில அளவையாளர் நாயகம் க. தவலிங்கம். முஸ்லிம்களின் பிரதிநிதித்துவம் குறைந்துபோகும் என்று கண்டு, ஹஸ்புல்லாஹ் குழுவின் முடிவோடு உடன்படாமல் தன் மாற்றுக் கருத்தைப் பதிவு செய்தார். 2018 ஓகஸ்ட் 24 அன்று பாராளுமன்றத்தில் அந்த அறிக்கை ஓர் ஆதரவு வாக்கும் இல்லாமல் தோற்றது. அதே மாதத்திலேயே, யாழ்ப்பாணம் போயிருந்த இடத்தில் ஹஸ்புல்லாஹ் திடீரெனக் காலமானார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். வடக்கிலிருந்து விரட்டப்பட்ட சமூகத்தின் பிள்ளை, வடக்கின் மண்ணிலேயே கண்ணை மூடினார்.

அந்த நாற்காலியில் அடுத்து யார்? இந்தக் கட்டுரையின் கேள்வியே அதுதான்.

சரி, தொழில்?

வாப்பாவின் கேள்விக்கு இப்போது வருவோம். மறைத்துப் பேச வேண்டியதில்லை. கலைப்பட்டத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு வேலைக்குக் காத்திருக்கும் பிள்ளைகள் எங்கள் தெருக்களில் இருக்கிறார்கள். கலைப்பிரிவில் புவியியல் படித்தவர் அனுமதிபெற்ற நில அளவையாளராக முடியாது. அதற்குக் கணிதமும் வேறு பட்டமும் வேண்டும். இதைத் தெரியாமல் சேர்ந்து பிறகு ஏமாந்தவர்கள் உண்டு.

ஆனால் வழிகள் பல. ஆசிரியர் சேவை எல்லோருக்கும் தெரிந்தது. நிர்வாக சேவைப் போட்டிப் பரீட்சைக்கு நாட்டின் நிலம், சனத்தொகை, பொருளாதாரம் தெரிந்த மாணவருக்கு அரைவாசித் தயார்நிலை ஏற்கெனவே இருக்கும். சுனாமிக்குப் பிறகு, 2005 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டத்தோடு புதிதாக ஒரு துறையே திறந்தது. 1978 நவம்பர் 23 இன் சூறாவளி, 2004 இன் சுனாமி, 2011 ஜனவரியின் வெள்ளம் என்று மூன்றையும் கண்ட மாவட்டத்துக்கு அந்தத் துறையில் ஆள் வேண்டாமா? கரையோரம் பேணல், காணிப் பயன்பாட்டுத் திட்டமிடல், நகர அபிவிருத்தி, குடிசன மதிப்பீடு, நீர்ப்பாசனம் என்று எங்கே பார்த்தாலும் படம் வாசிக்கத் தெரிந்தவர் தேவைப்படுகிறார். புவியியல் தகவல் முறைமை, அதாவது ஜிஐஎஸ், தெரிந்தால் கதவு இன்னும் அகலும். வளைகுடா நாடுகளிலும் அந்தத் திறமைக்கு இடமுண்டு. அதற்கான இலவச மென்பொருள் இணையத்தில் கிடைக்கிறது. இரண்டாம் வருட மாணவர் ஒரு விடுமுறையில் அடிப்படையைப் பிடித்துக்கொள்ளலாம். ஆங்கிலமும் புள்ளிவிபரவியலும் கூடச் சேர வேண்டும். சேர்ந்தால் அந்தப் பட்டம் வெறும் கடதாசி அல்ல.

பெற்றோரிடமும் பள்ளிவாசல் நிர்வாகங்களிடமும் ஒரு வேண்டுகோள். பல்கலைக்கழகத்தில் இறுதி வருடத்தில் புவியியல் மாணவர் ஓர் ஆய்வு எழுத வேண்டும். முகத்துவாரத்தின் மணல், ஒரு வட்டையின் உவர், ஒரு கரையோரத் தெருவின் மீள்குடியேற்றம் என்று எங்கள் மண்ணைப் பற்றியே எழுதலாம். எழுதி முடித்தால் அது நூலகத் தட்டில் தூசு படிந்து கிடக்கும். அவற்றைத் தேடியெடுத்து ஊருக்கு ஒரு பிரதி வாங்கி வையுங்கள். பிள்ளைக்குத் தலைப்புக் கொடுங்கள். தகவல் கேட்டு வந்தால் "உனக்கேன் அது?" என்று விரட்டாமல் உட்கார்த்திப் பேசுங்கள்.

எங்கள் வீட்டு இரும்புப் பெட்டிகளில் பழைய காணி உறுதிகள் மடித்து வைத்திருக்கிறோம் அல்லவா? அதிலொன்றை எடுத்து விரியுங்கள். நாலெல்லை எழுதியிருக்கும். வடக்கு ஓடை, கிழக்கு வண்டில் பாதை, தெற்கு இன்னாரின் வளவு, மேற்கு ஒரு மருதமரம். மரம் பட்டுப்போய்விட்டது. பாதையில் இப்போது தார் போட்டிருக்கிறார்கள். ஓடையை நிரவி வீடு கட்டியாயிற்று. உறுதி மட்டும் கையில் இருக்கிறது. அந்த ஓடை எங்கே ஓடியது என்று பழைய நில அளவைப் படத்தை வைத்து, விமானப் படத்தை வைத்து, ஊர் மூத்தவரின் வாய்ச்சொல்லை வைத்து ஒருவர் காட்டித் தர வேண்டும். காட்டிக் கொடுத்தால்தான் அது காணி.

அடுத்த முறை பிள்ளை புவியியல் புத்தகத்தோடு வீட்டுக்கு வந்தால், "என்னத்த செய்யப் போறாய்?" என்று கேட்பதற்கு முன் அந்த உறுதியை எடுத்து அதன் கையில் கொடுத்துப் பாருங்கள்.